கல்லுக்கு அடியில் என்ன போடுவீர்கள்?

வீட்டு வாசலில் பேவர் பிளாக் போடுவதைப் பற்றி போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான், மன்னார்குடியிலிருந்து நாகப்பட்டினம் வரை கடிதங்கள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் கான்ட்ராக்டர் மீது புகார். முடிந்தவரை இந்த இதழிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் வாசல் 600 சதுர அடி. இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் சதுர அடிக்கு 62 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 98. இருவரும் கொண்டுவந்து காட்டிய கல் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. குறைந்த விலைக்காரருக்கே கொடுத்துவிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

அம்மா, கல் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் கல்லுக்கு அடியில்தான். இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கல்லுக்கு அடியில் என்ன போடுவீர்கள்?" 62 ரூபாய்க்காரர் அநேகமாக, "மண்ணைச் சமப்படுத்தி, டஸ்ட் கொட்டி, கல் பதித்துத் தந்துவிடுவோம்மா, ரெண்டே நாள் வேலை" என்பார். டஸ்ட் என்றால் கருங்கல் உடைக்கும்போது விழுகிற தூள். நான் முப்பது வருஷமாகக் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன், இந்த ரெண்டு நாள் வேலையை நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் ஊர்ப்பக்கம் மண் என்ன மண் என்று உங்களுக்கே தெரியும். நல்ல களிமண். நேற்றுவரை நெல் விளைந்த வயலாக இருந்த மனைகள்தான் பாதி. ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த மண் மேல் நேராக இரண்டு இஞ்சு டஸ்ட்டைக் கொட்டிக் கல்லை அடுக்கினால், மண் ஏறும்போது கல்லும் ஏறும், இறங்கும்போது கல்லும் இறங்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறி இறங்காது என்பதுதான் சிக்கல். வல்லம் பக்கம் செம்மண் பூமியில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை, அங்கே செய்வதை இங்கே அப்படியே செய்ய முடியாது.

சரி, ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவோம். கார் ஏறுகிற வாசலுக்கு 60 மி.மீ. கல், அதாவது சுமார் இரண்டரை இஞ்சு. அதற்கு அடியில் மணல் ஒன்றரை இஞ்சு. அதற்கும் அடியில் கிராவலோ வெட் மிக்ஸோ (ஜல்லியும் கல் தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது), இடித்து இறுக்கிய பிறகு ஆறு இஞ்சு, இதைத்தான் பேஸ் என்பார்கள். மொத்தம் பத்து இஞ்சு. வாசல் மட்டம் இப்போதிருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டுமென்றால் பத்து இஞ்சு தோண்டியாக வேண்டும், 600 சதுர அடிக்கு அது 500 கன அடி, அதாவது ஐந்து யூனிட் களிமண். அதை யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது, வண்டி வாடகை யாருடையது? பிறகு ஆறு இஞ்சு பேஸுக்கு மட்டும் மூன்று யூனிட், இடித்தால் இறங்கும் என்பதால் நாலு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வரவழைக்க வேண்டும். 98 ரூபாய்க்காரர் இதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறாரா, இல்லை சும்மா ஏற்றிச் சொல்கிறாரா என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதில் சொல்லும்போது அவர் வாசலைப் பார்க்கிறாரா, உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். வேலை தெரிந்தவன் முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் பார்ப்பான்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது, வாட்டம். பத்து அடிக்கு இரண்டு இஞ்சு, வீட்டிலிருந்து தெருப்பக்கம் சரிய வேண்டும். வேலை தொடங்கும் முன்னாலேயே ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பின குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, நிலைவாசல் படி, கேட், தெரு மூன்றின் மட்டத்தையும் சுவரில் சாக்பீஸால் குறித்துவைக்கச் சொல்லுங்கள். நம் ஊர்களில் தெரு ஒவ்வொரு முறை போடும்போதும் ஓர் இஞ்சு, இரண்டு இஞ்சு ஏறிக்கொண்டே இருக்கிறது. தோண்டச் சோம்பல்பட்டு வாசலை உயர்த்திவிட்டு, "பாருங்கம்மா, ரோட்டுக்குச் சமமா வந்திருச்சு" என்று பெருமையாகச் சொல்வார்கள், கார்த்திகையில் தண்ணீர் படியேறி வரும்.

இரண்டு கொட்டேஷனையும் இந்த அளவுகளோடு எழுதி வாங்குங்கள். தோண்டும் ஆழம், பேஸ் கனம், கல்லின் கனம், ஓரக்கல் எத்தனை அடி, மண் அள்ளும் கூலி. அதற்குப் பிறகு 62 எவ்வளவாக மாறுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: பளபளவென்று இருக்கிற கல் நல்லதா, சொரசொரப்பாக இருப்பது நல்லதா? ஐஎஸ்ஐ என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கும்பகோணம்

பளபளப்பான கல் ரப்பர் அச்சில் ஊற்றி, அதிர்வு மேஜையில் தட்டி எடுப்பது. சொரசொரப்பானது ஹைட்ராலிக் மெஷினில் அழுத்தி எடுப்பது. இரண்டிலும் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. ஆனால் வீட்டில் வயசானவர்கள் இருந்தால் பளபளப்பு வேண்டவே வேண்டாம், மழையில் பாசி பிடித்துவிட்டால் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும்.

பேவர் கல்லுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15658. அதில் ஒரு விஷயம் வீட்டிலேயே சோதிக்கலாம். கல் தண்ணீர் குடிக்கிற அளவு சராசரியாக எடையில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 200க்கு 100 மி.மீ. செவ்வகக் கல், 60 மி.மீ. கனத்தில், ஏறக்குறைய 2 கிலோ 800 கிராம் வரும். மூன்று நாலு கல்லை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, ஒருநாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் போட்டு, எடுத்துத் துடைத்து மறுபடி நிறுங்கள். 170 கிராமுக்குள் ஏறியிருந்தால் சரி. ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்திப் பார்ப்பார்கள், இது வீட்டு முறைதான், இருந்தாலும் முந்நூறு கிராம் குடிக்கிற கல்லை இது காட்டிக்கொடுத்துவிடும். நான் செய்து பார்த்தபோது கடைக்காரர், "என்ன சார், கல்லைப் பொட்டலம் கட்டித் தரணுமா?" என்றார். அப்புறம் அவரே ஆர்வமாகி நின்று பார்த்தார்.

ஒரு கல்லை உடைத்தும் பாருங்கள். கலர் மேலே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், அது ஏமாற்று இல்லை, செய்முறையே அப்படித்தான். மேல் படலமும் அடிக் கான்கிரீட்டும் தனித்தனியாகப் பிரிந்து வந்தால்தான் கோளாறு. போன வாரம் வார்த்த கல்லை இந்த வாரம் லாரியில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கான்கிரீட்டின் பலத்தை 28 நாளில்தான் கணக்கிடுகிறோம், வார்த்த தேதியைக் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

கேள்வி: கான்ட்ராக்டர் 70 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். "கல்லுக்கு முழுப் பணம் கட்டினால்தான் லோடு வரும்" என்கிறார்.
– வாசகர், திருவாரூர்

கல் கம்பெனிக்கு முழுப் பணம் கட்ட வேண்டியிருக்கலாம், அது உண்மைதான். அப்படியானால் கல்லுக்கான பணத்தை நீங்களே கம்பெனி கணக்குக்கு அனுப்பி, உங்கள் பெயரில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல ஆள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். கூலியில் கொஞ்சம் முன்பணம், பேஸ் இடித்து முடித்து நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, கல் பதித்த பிறகு ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து ஓயும்வரை வைத்துக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேலை முடிந்தபிறகு சொன்னால் சண்டைதான் வரும். வந்த கல்லை எண்ணிக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன செவ்வகக் கல் 100 சதுர அடிக்கு 465 பிடிக்கும், வெட்டுச் சேதம் தனி.

கேள்வி: வாசல் முழுக்க பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கோலம் போட முடியவில்லை. புள்ளி வைத்தால் இடுக்கில் விழுகிறது, இழை இழுத்தால் உடைந்து உடைந்து போகிறது. மாமியார் தினமும் பேசுகிறார். என்ன செய்வது?
– வாசகி, திருவையாறு

வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வேலை செய்கிறவர்களும் சரி, வீட்டு ஆண்களும் சரி, பிளான் போடும்போது கார் எங்கே நிற்கும் என்று யோசிப்பார்கள், கோலம் எங்கே விழும் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. ஜிக்ஜாக் கல்லில் சிக்குக் கோலம் போடச் சொல்வது சல்லடையில் எழுதச் சொல்வது மாதிரி. அதோடு, தினமும் காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கும்போது இடுக்கு மணலும் துடைப்பத்தோடு வந்துவிடும், ஆறே மாதத்தில் கல் ஆட ஆரம்பிக்கும்.

நல்லவேளையாக இதைச் சரிசெய்வது சுலபம், பேவர் கல்லைப் பெயர்த்தெடுக்கலாம். வாசற்படிக்கு நேராக ஆறுக்கு ஆறு அடியோ, மார்கழியில் பெரிய கோலம் போடுகிற குடும்பமென்றால் எட்டுக்கு எட்டோ, கல்லை எடுத்துவிட்டு நாலு இஞ்சு கான்கிரீட் போட்டு வழவழப்பில்லாமல் பூசிவிடுங்கள், அல்லது பாலிஷ் போடாத கடப்பா கல் பதித்துக்கொள்ளுங்கள். கடப்பாவின் கருப்பில் மாக்கோலம் எடுப்பாகத் தெரியும், மாமியாருக்கும் பிடிக்கும். ஒன்று மட்டும்: அந்தச் சதுரத்தின் நாலு விளிம்பிலும் கான்கிரீட் ஓரம் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றியிருக்கிற பேவர் கல் நகர்ந்து இடுக்கு அகலமாகும். எடுத்த கல்லைத் தூக்கிப்போட வேண்டாம், கொல்லையில் துவைக்கிற கல்லடியில் பதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கார் சக்கரம் ஏறுகிற இரண்டு தடமும் குழிந்து, தண்ணீர் நிற்கிறது. கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. வழக்குப் போடலாமா?
– வாசகர், பாபநாசம்

போடலாம், ஆனால் முதலில் குழிந்த இடத்தில் ஒரு பத்துக் கல்லை நீங்களே பெயர்த்துப் பாருங்கள். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் இரண்டு போதும், முதல் கல்தான் அடம்பிடிக்கும். கீழே என்ன இருக்கிறது? மணலுக்கு அடியில் நேராகக் கறுப்புக் களிமண் தெரிந்தால் பேஸ் போடவே இல்லை. கிராவல் இருக்கிறது, ஆனால் கடப்பாறை லேசாகவே இறங்குகிறது என்றால் சரியாக இடிக்கவில்லை. ஆறு இஞ்சையும் ஒரே தட்டாகக் கொட்டி மேலே ஒரு சுற்று மெஷின் ஓட்டினால் மேல் மூன்று இஞ்சுதான் இறுகும். மூன்று மூன்று இஞ்சாக இரண்டு தட்டாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, காம்பாக்டர் ஓட்ட வேண்டும். சில இடங்களில் இன்னமும் திமிசுக் கட்டையாலேயே இடித்துவிட்டுப் போகிறார்கள், அது நடைபாதைக்கு ஆகும், காருக்கு ஆகாது. டேப்பை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுங்கள், நாளைக்குச் சாட்சி அதுதான்.

பிறகு எழுத்தில் ஒரு நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்டில். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்டு இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் கையில் ரசீதோ, எழுதின கொட்டேஷனோ, வங்கி வழியாகப் பணம் போன அடையாளமோ ஏதாவது இருக்க வேண்டும். எல்லாம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, வாய்ப்பேச்சாக முடித்திருந்தால் கஷ்டம்.

இதற்கிடையில் மழைக்காலம் வந்துவிட்டால் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு தடத்தை மட்டும் மூன்று மூன்று அடி அகலத்துக்கு எடுத்து, பேஸை ஒழுங்காகப் போட்டு, அதே கல்லைத் திருப்பிப் பதிக்கலாம். முழு வாசலையும் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: வீட்டுப் பக்கத்திலேயே பேவர் பிளாக் போட்டு, காரும் நிறுத்தி, அறுவடை சமயத்தில் நெல்லும் காயவைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.
– விவசாயி, நீடாமங்கலம்

நெல்லுக்கு வேண்டாம் அண்ணே. இடுக்கெல்லாம் நெல் புகுந்துவிடும், அள்ளும்போது மணலும் சேர்ந்து வரும், எஞ்சினது முளைக்கும். மணல் கலந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே 17 சதவீத ஈரப்பதத்துக்கே அங்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சிமெண்ட் களமாகவே போடுங்கள், அடியில் பேஸ் இதே மாதிரி ஆறு இஞ்சு, மேலே நாலு இஞ்சு கான்கிரீட், டிராக்டர் ஏறும் என்றால் ஆறு. பத்தடிக்கு ஒரு வெட்டுக்கோடு விடச் சொல்லுங்கள், விடாவிட்டால் களமே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும்.

கேள்வி: புதுக் கல்லெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. கடல் மணலில் செய்துவிட்டார்களோ?
– வாசகர், நாகப்பட்டினம்

பதற வேண்டாம். சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுப்பட்டு வெள்ளையாவது எல்லா ஊரிலும் நடக்கிறது, பெரும்பாலும் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் தானாகப் போய்விடும். அவசரமென்றால் வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து பிரஷ் போட்டுக் கழுவுங்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள், கலரும் போய் மேல்தோலும் போய்விடும். ஆனால் உங்கள் ஊரில் போர்த் தண்ணீரே உப்பாக இருந்து அதைத்தான் தினமும் தெளிக்கிறீர்கள் என்றால், கல்லைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கேள்வி: இடுக்கில் கோரை முளைக்கிறது. பிடுங்கப் பிடுங்க வருகிறது. அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாமா?
– வாசகி, ஒரத்தநாடு

ஷீட் வேண்டாம், தண்ணீர் இறங்காமல் மணல் சேறாகும். கோரையின் முளை ஊசி மாதிரி, ஷீட்டையே குத்திக்கொண்டு வரும். கிழங்கு மண்ணிலேயே கிடக்கும்போது மேலே எதைப் போட்டும் லாபமில்லை. பத்து இஞ்சு தோண்டச் சொன்னேனே, அதில் பெரும்பாலான கிழங்கும் மண்ணோடு போய்விடும், அது இன்னொரு ஆதாயம். தென்னை மரம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், மரத்தடியைச் சுற்றி நாலடி கல் போடாமல் விடுங்கள், மரமும் குடிக்க வேண்டும்.

கேள்வி: தீபாவளிக்குள் வாசலை முடித்துவிட வேண்டும் என்று ஆசை. ஐப்பசியில் வேலை வைக்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

வேண்டாம். நான் செய்து பட்டவன், சொல்கிறேன். மகள் கல்யாணம் கார்த்திகையில், வீட்டுக்கு முன்னால் சேறாக இருக்கிறதே என்று ஐப்பசியில் ஆளைப் பிடித்தேன், ஊருக்கெல்லாம் மேற்பார்வை பார்க்கிறவன், சொந்த வீட்டில் ஒருநாள்கூடக் கூட நிற்கவில்லை, பத்திரிகை வைக்க அலைந்துகொண்டிருந்தேன். ஊறின களிமண் மேல் கிராவலைக் கொட்டினால் அது மண்ணுக்குள்ளேயே போய்விடும், கொட்டக் கொட்ட வாங்கும். கல்யாணத்துக்கு வாசல் பளிச்சென்று இருந்தது. சித்திரையில் மண் காய்ந்து சுருங்கியதும் நடுவாசல் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது. தைப் பொங்கல் கழிந்து, மண் கால் ஒட்டாமல் ஆனபிறகு தொடங்கி, ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், வைகாசிக்குள் முடியுங்கள். நடுக்கோடையில் செய்தால் வெடிப்புகளில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மண் பதத்துக்கு வந்த பிறகு இடிக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த வேலையில் செப்டிக் டேங்க் மூடியையும் மழைநீர்த் தொட்டி மூடியையும் சேர்த்து மூடிக் கல் பதித்துவிட்டுப் போய்விட்டார்கள். 2003லிருந்து மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்று எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, மூடி எங்கே என்றுதான் பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள், வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள், செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக்காரன் ஓஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நானும் என் மைத்துனரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, "இங்கேதான் மாமா", "இல்லை, கொஞ்சம் கிழக்கே" என்று ஏறக்குறைய நாற்பது கல்லைப் பெயர்த்தபிறகுதான் மூடி கிடைத்தது. ஆகவே தோண்டுவதற்கு முன்னால் இரண்டு மூடியும் மதில் சுவரிலிருந்து எத்தனை அடியில் இருக்கின்றன என்று அளந்து, டேப்போடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியைச் சுற்றி இரும்புச் சட்டம் போட்டு, தூக்குகிற மாதிரி கொக்கி வைத்துத் தர வேண்டும் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.